பன்றியைச் சாய்த்தது எந்தத் திரிபு? மாதிரி எடுப்பது முதல் அறிக்கை படிப்பது வரை

பன்றியின் டான்சிலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற பாக்டீரியா இருக்கிறது என்று ஓர் அறிக்கை வந்தால், அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். நன்றாகத் தின்று ஓடித் திரிகிற பன்றியின் டான்சிலிலும் அது இருக்கும். பிறக்கும்போதும் பால் குடிக்கும்போதும் தாயிடமிருந்தே குட்டிக்கு ஏறிவிடுகிறது. ஒரே பன்றிக்குள் அதன் பல திரிபுகள், அதாவது மரபணுவில் வேறுபடும் வகைகள், சேர்ந்து குடியிருப்பதும் சாதாரணம். பெரும்பாலானவை தொந்தரவு தராதவை. ஒன்றிரண்டு மட்டும் இரத்தத்தில் இறங்கி, மூளைச்சவ்வுக்கும் மூட்டுக்கும் போய், குட்டியைச் சாய்த்துவிடுகின்றன. அந்த ஒன்றிரண்டைப் பிரித்துக் காட்டத்தான் மரபணுச் சோதனை.

பண்ணைகளிலிருந்து வரும் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் நான் பாக்டீரியா பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேசையில் ஒரு மாதிரி வீணானால், இயந்திரம் சொதப்பியதால் வீணானதாக இருப்பது அபூர்வம். தவறான பன்றியிடம், தவறான இடத்தில் எடுத்ததாக இருக்கும். அதனால் இங்கே, தேடும் மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் இயந்திரத்தைவிடக் கத்திக்கும், மாதிரியைத் தொட்டெடுக்கும் குச்சியான ஸ்வாப்புக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சூயிஸை வைத்தே முறையைச் சொல்கிறேன். மற்ற கிருமிகளுக்கு எங்கே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

எந்தப் பன்றியிடம் எடுப்பது

பால் மறந்த சில வாரங்களில்தான் சூயிஸ் பெரும்பாலும் தலைகாட்டும். நேற்று வரை நன்றாக இருந்த குட்டி பக்கவாட்டில் விழுந்து காலை உதைத்துக்கொண்டிருக்கும். கழுத்து பின்பக்கம் வளைந்திருக்கும், கண்மணி இங்குமங்கும் ஆடும். சில குட்டிகள் மூட்டு வீங்கி நொண்டும். சில எந்த அறிகுறியும் காட்டாமல் இறந்து கிடக்கும்.

நமக்கு வேண்டியது நோய் இப்போதுதான் தொடங்கிய, இன்னும் ஆன்ட்டிபயாடிக் ஏறாத குட்டி. இதுதான் பண்ணையில் கிடைப்பதற்கு மிக அரிதானது, ஏனென்றால் விழுந்த குட்டியைப் பார்த்ததும் ஊசி போடுவதுதான் யாருக்கும் தோன்றும். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், உயிர் முக்கியம். ஆனால் அடுத்தடுத்து குட்டிகள் விழுகின்றன என்றால், ஊசி போடும் முன் ஒன்றையாவது சோதனைக்கு ஒதுக்குங்கள். பென்சிலின் ஏறிய உடலில் கிருமியின் டிஎன்ஏ கிடைக்கலாம், உயிரோடு வளரும் கிருமி கிடைப்பது கடினம். வளர்ந்த கிருமி இல்லாமல் திரிபைச் சரியாக அடையாளம் காண முடியாது.

மாதங்களாக நொண்டிக்கொண்டு மெலிந்து கிடக்கும் குட்டி வேண்டாம். அதனிடம் முதலில் தாக்கிய கிருமி போய், பின்னால் வந்த வேறு எதுவோதான் கிடைக்கும். இறந்த குட்டி என்றால் சில மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். வெயிலில் வயிறு ஊதியதில் குடல் கிருமிகள் எல்லா உறுப்புக்கும் பரவியிருக்கும். ஒரே குட்டியோடு நிறுத்தவும் வேண்டாம், மூன்று முதல் ஐந்து குட்டிகள் இருந்தால் நல்லது. ஒரே கொட்டகையில் இரண்டு திரிபுகள் ஒரே சமயத்தில் கொல்வது நடக்கிற விஷயம்.

கத்தியை எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. எல்லா வயதுப் பன்றிகளும் காய்ச்சலோடு மளமளவென்று இறக்கின்றன, தோல் சிவந்து நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். தொண்டை வீங்கித் திடீரென்று இறந்திருந்தால் ஆந்த்ராக்ஸை நினைக்க வேண்டும். இரண்டிலும் உடலைத் திறக்காமல் அரசு கால்நடை அதிகாரிக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கையும் காதும்

சூயிஸ் மனிதரைத் தாக்கும். டென்மார்க்கில் 1968-ல் முதல் மனித நோயாளிகள் பதிவானார்கள். 2005-ல் சீனாவின் சிச்சுவானில் 215 பேருக்கு வந்து 38 பேர் இறந்தார்கள். அங்கே பரவியது செரோடைப் 2-ஐ (கிருமியின் மேலுறையை வைத்துப் பிரிக்கும் வகை) சேர்ந்த எஸ்டி 7 (ஏழு மரபணுக்களை வாசித்துக் கொடுக்கும் எண்) என்ற திரிபு. நோயுற்ற, இறந்த பன்றிகளை அறுத்துக் கையாண்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். பிழைத்தவர்களுக்கும் நிரந்தரமாகக் காது கேட்காமல் போவது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது.

கிருமி நுழைய விரலில் ஒரு சின்னக் கீறல் போதும். இரட்டைக் கையுறை, முழங்கை வரை மூடும் மேலாடை, முகத்துக்குக் கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். மண்டையைத் திறக்க ரம்பம் போட்டால் துகள் தெறிக்கும், அதனால் முகக்கவசம் கட்டாயம். கையில் ஆறாத புண் இருப்பவரும், மண்ணீரல் அகற்றப்பட்டவரும் இந்த வேலையில் இறங்கவே கூடாது. வேலை முடிந்த சில நாளில் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், பன்றியை அறுத்தேன் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

எங்கிருந்து எடுப்பது

இங்கே நான் பிடிவாதக்காரன். சாதாரணமாகக் கிருமியே இல்லாத இடத்திலிருந்து எடுத்தால் மட்டும்தான் திரிபு பற்றிய பதிலுக்கு மதிப்பு உண்டு. மூளைச்சவ்வு, மூட்டுத் திரவம், இதய வால்வில் வளர்ந்திருக்கும் கட்டி, மண்ணீரல் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். மூக்கும் டான்சிலும் கணக்கில் வராது.

நுரையீரல் பாதி நம்பிக்கைக்கு உரியது. அங்கே சூயிஸ் வளர்ந்தாலும் அது மேலிருந்து மூச்சோடு இறங்கியதா, வைரஸ் முதலில் அழித்த இடத்தில் பின்னால் குடியேறியதா, உண்மையில் அதுதான் நோய்க்குக் காரணமா என்று சொல்ல முடியாது. ஒரு பண்ணையிலிருந்து நுரையீரல் துண்டுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் வேறு செரோடைப். தலையோடு அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கியபின் எல்லா மூளையிலும் ஒரே திரிபு வளர்ந்தது. நுரையீரலில் பார்த்த பட்டியலில் அது இல்லவே இல்லை.

மூளைக்கு மண்டையைப் பிளக்க வேண்டும் என்பதில்லை. தலையை முன்னால் மடக்கிப் பிடித்து, பிடரியில் மண்டையும் முதல் கழுத்தெலும்பும் சேரும் மூட்டை வெட்டித் திறங்கள். தண்டுவடம் உள்ளே போகும் துளை தெரியும். அதன் வழியாக மெல்லிய ஸ்வாப்பை நுழைத்து மூளைச்சவ்வைத் தொட்டு எடுக்கலாம். ஸ்வாப் தோலிலும் முடியிலும் படக்கூடாது, அதற்காக வெட்டும் முன் அந்த இடத்தை ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்து, தோலுக்கு ஒரு கத்தி, உள்ளே போக வேறு கத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுக்கும் இதே முறைதான். தோலை உரித்து விலக்கி, மூட்டுறையைப் புதுக் கத்தியால் கீறி, திரவம் வழியும் முன் ஸ்வாப்பை வையுங்கள். மண்ணீரல் போன்ற உறுப்பில், சூடாக்கிய தட்டைக் கரண்டியால் மேற்பரப்பைச் சுட்டுவிட்டு, சுட்ட இடத்தின் நடுவே கீறி உள்ளிருந்து எடுக்க வேண்டும்.

ஸ்வாப் பிளாஸ்டிக் குச்சியில், செயற்கை இழைத் தலையோடு இருக்கட்டும். மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட் தலையும் பிசிஆரைத் தடுக்கும் பொருளை விடுகின்றன. எடுத்ததை ஏமிஸ் போன்ற கடத்தல் ஊடகக் குழாயில் போட்டு, பன்றியின் எண்ணையும் உறுப்பின் பெயரையும் குழாய்மேல் எழுதுங்கள். ஐந்து குட்டிகளின் உறுப்புகளை ஒரே பையில் போட்டு அனுப்பினால் ஐந்தும் வீண்.

குளிர்ப்பெட்டியில் 4 டிகிரி அளவில், மறுநாளே ஆய்வகம் சேரும்படி அனுப்புங்கள். உறைய வைத்தால் வளர்க்க முடியாமல் போகலாம். நுண்நோக்கிப் பரிசோதனைக்குப் பாதி மூளையைப் பத்து சதவீத ஃபார்மலினில் போடுகிறீர்கள் என்றால் அது தனிப் பொட்டலமாகப் போகட்டும், அதன் ஆவியே பக்கத்து ஸ்வாப்பைக் கொல்லும். கூடவே வயது, எப்போது விழுந்தது, எந்த மருந்து எத்தனை நாள், எந்தத் தடுப்பூசி என்று ஒரு சீட்டு வையுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் வரும் பெட்டியைத் திறக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

தட்டிலிருந்து டிஎன்ஏ வரை

ஆய்வகத்தில் ஸ்வாப்பை ஆட்டு இரத்த அகார் தட்டில் தேய்த்து, 37 டிகிரியில் ஐந்து சதவீதக் கரியமில வாயுவில் வைப்போம். மறுநாள் சின்ன, பளபளப்பான காலனிகள் (கிருமி பெருகிய புள்ளிகள்), சுற்றிலும் லேசான பச்சைச் சாயல். மூளையிலிருந்து வந்த தட்டில் ஒரே மாதிரிக் காலனிகள் நிறைய இருந்தால் அதுவே பாதி பதில். பலவகைக் காலனிகள் கலந்து கிடந்தால் மாதிரி மாசுபட்டிருக்கிறது.

ஒரு காலனியை மட்டும் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு பன்றிக்கும் மூன்று, நான்கு காலனிகளைத் தனித்தனியாகப் புதுத் தட்டில் மறுபடி கோடிட்டுத் தேய்த்து, தூய்மையாக வளர்ந்தபின் கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். இந்தச் சேமிப்பின் அருமை ஆறு மாதம் கழித்து, அதே பண்ணையில் மறுபடி குட்டிகள் விழும்போதுதான் புரியும்.

இனம் சூயிஸ்தானா என்பதை, கிருமியின் புரதங்களை வைத்து இனம் காட்டும் மால்டி-டாஃப் இயந்திரத்திலோ ரெக்என் மரபணுவுக்கான பிசிஆரிலோ உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்பு அதிகம் பயன்பட்ட ஜிடிஎச் பிசிஆர், சூயிஸின் நெருங்கிய உறவினர்களையும் சூயிஸ் என்று காட்டுவதுண்டு.

இது கிராம் பாசிட்டிவ் கிருமி, செல்சுவர் தடிமன். சாதாரண பிசிஆருக்குக் காலனியைத் தண்ணீரில் கொதிக்கவைத்தாலே போதுமான டிஎன்ஏ கிடைத்துவிடும். முழு மரபணு வாசிப்புக்கு அது போதாது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் லைசோசைம் கரைசலில் 37 டிகிரியில் அரை மணி நேரமாவது ஊறவைத்து, அப்புறம் டிஎன்ஏ பிரிக்கும் கிட்டின் மற்ற படிகளுக்குப் போங்கள். டிஎன்ஏ அளவை ஒளிர் சாயம் கொண்டு அளக்கும் கருவியில் பாருங்கள். ஒளி உறிஞ்சலை மட்டும் பார்க்கும் கருவி ஆர்என்ஏவையும் சேர்த்துக் கணக்குக் காட்டிவிடும். தூய்மைக்கு மட்டும் அந்த ஒளி உறிஞ்சல் கருவியின் 260/280 விகிதத்தைப் பாருங்கள், அது 1.8 முதல் 2 வரை இருந்தால் தொடரலாம்.

பிசிஆர் என்ன சொல்லும், எங்கே நிற்கும்

முதல் கேள்வி செரோடைப். கிருமியின் மேலுறையைக் கட்டும் சிபிஎஸ் மரபணுக்களில் பலவற்றை ஒரே குழாயில் தேடும் மல்டிப்ளெக்ஸ் பிசிஆர் இதைச் சொல்லும். இப்போது சூயிஸில் 29 செரோடைப்புகள் கணக்கில் உள்ளன. முன்பு 35 இருந்தது, ஆறு வேறு இனங்களுக்கு நகர்த்தப்பட்டுவிட்டன. உலகெங்கும் பன்றியையும் மனிதரையும் அதிகம் தாக்குவது செரோடைப் 2.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதாரண பிசிஆரில் செரோடைப் 2-ம் செரோடைப் 1/2-ம் ஒரே பட்டையைத்தான் (பெருகிய டிஎன்ஏ தெரியும் கோடு) தரும், 1-ம் 14-ம் அதே மாதிரி. இந்த ஜோடிகளைப் பிரிப்பது சிபிஎஸ்கே மரபணுவில் 483-ஆம் இடத்திலுள்ள ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து. அங்கே ஜி இருந்தால் 2 அல்லது 14. சி அல்லது டி இருந்தால் 1/2 அல்லது 1. அந்த ஓர் எழுத்தால் மேலுறைச் சர்க்கரையில் ஒன்று மாறிவிடுகிறது. அதனால் 'செரோடைப் 2' என்று மட்டும் ஓர் அறிக்கை வந்தால், அந்த எழுத்தை வாசித்தீர்களா என்று கேட்டுவிடுங்கள். தடுப்பூசிக்குத் திரிபு தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கேள்வி ரொம்ப அவசியம்.

அடுத்து நோய்த்திறன் மரபணுக்கள். சூயிலைசின் நஞ்சுக்கான எஸ்எல்ஒய், கூடவே எம்ஆர்பி, ஈபிஎஃப் ஆகிய மூன்றையும் காலங்காலமாகத் தேடிவருகிறார்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் செரோடைப் 2-ன் எஸ்டி 1 திரிபுகளில் மூன்றும் இருப்பது வழக்கம். ஆனால் வட அமெரிக்காவில் பரவலான எஸ்டி 25, எஸ்டி 28 திரிபுகளில் இவற்றில் சில இல்லாமலே குட்டிகள் இறக்கின்றன. மூன்றும் இல்லை, அதனால் தீங்கில்லை என்று எழுதும் அறிக்கையை நம்ப வேண்டாம். நோயுற்ற பன்றிகளின் கிருமிகளையும் நோயில்லாதவற்றின் கிருமிகளையும் முழு மரபணுவில் ஒப்பிட்டு, புதிய குறிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை நடந்திருக்கிறது. 2019-ல் இங்கிலாந்து, வேல்ஸ் கிருமிகளை வைத்து அப்படி ஒன்று வெளியானது. இது சரியான திசை என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு பகுதியின் கிருமிகளில் தேர்ந்தெடுத்த குறிகளை வேறு பகுதியில் பயன்படுத்தும் முன், அங்கே மூளையில் வளர்ந்த கிருமிகளிலும் ஆரோக்கியமான டான்சிலில் வளர்ந்தவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

காலனி வளர்க்காமல் ஸ்வாப்பில் நேரடியாக பிசிஆர் செய்தால் போதாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். டான்சில் ஸ்வாப்பில் செரோடைப் 2-ன் மரபணு வந்தது, எஸ்எல்ஒய்யும் வந்தது என்று வையுங்கள். இரண்டும் ஒரே கிருமிக்குள் இருந்தன என்று யார் சொன்னது? ஒன்றிலிருந்து மேலுறை மரபணுவும் இன்னொன்றிலிருந்து நஞ்சு மரபணுவும் வந்திருக்கலாம். கலவை மாதிரியில் மரபணுக்களின் பட்டியல் கிடைக்கும், திரிபு கிடைக்காது. மருந்து ஏறிவிட்ட குட்டியின் மூளைத் திரவத்தில் கிருமி இருந்ததா என்று பார்க்க நேரடி பிசிஆர் அருமையான கருவி. அதோடு சரி.

எந்த பிசிஆர் ஆனாலும் நேர்மறைக் கட்டுப்பாடு (தேடும் மரபணு இருப்பது உறுதியான மாதிரி), தண்ணீர் மட்டும் போட்ட குழாய், டிஎன்ஏ பிரிப்பிலிருந்தே வரும் வெற்றுக் குழாய் மூன்றும் கூடவே ஓட வேண்டும். வெற்றுக் குழாயில் பட்டை தெரிந்தால் அன்றைய முடிவுகள் அத்தனையும் குப்பைக்கு.

முழு மரபணு வாசிப்பு

இரண்டு குட்டிகளின் கிருமி ஒன்றேதானா, தாய்ப்பன்றிகளோடு புதிதாக வந்ததா, பழையதே திரும்பியதா என்ற கேள்விகளுக்கு செரோடைப் போதாது. ஒரே செரோடைப்புக்குள் ஒன்றுக்கொன்று வெகுதூரமான கிருமிகள் உண்டு. ஏழு அடிப்படை மரபணுக்களை வாசித்துக் கொடுக்கும் எஸ்டி எண் இன்னும் நெருக்கமாகக் காட்டும். முழு மரபணு எல்லாவற்றையும் ஒரே முயற்சியில் தந்துவிடும் என்பதால் இப்போது நேராக அதற்கே போவது எனக்குச் சரியாகப் படுகிறது.

சூயிஸின் மரபணுத் தொகுதி சுமார் 20 லட்சம் எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக ஐம்பது முறை வாசிக்கப்பட வேண்டும் என்றால் பத்துக் கோடி எழுத்துகள் அளவு தரவு தேவை. வாசித்த துண்டுகளைக் கணினியில் கோத்து முடித்ததும் முதலில் மொத்த நீளத்தைப் பாருங்கள். 20 முதல் 23 லட்சத்துக்குள் வந்தால் நிம்மதி. 38 லட்சம் என்று வந்தால் இரண்டு கிருமிகள் கலந்திருக்கின்றன, ஏழு மரபணுக்களில் ஏதாவது ஒன்றுக்கு இரண்டு வடிவங்கள் தெரிந்தாலும் அப்படித்தான். மறுபடி தட்டில் கோடிட்டுப் பிரியுங்கள்.

கிருமிகளுக்கிடையே எழுத்து வேறுபாடுகளை எண்ணும் முன், மறுசேர்க்கையால் வந்த பகுதிகளை நீக்கும் மென்பொருளை ஓட்டியாக வேண்டும். சூயிஸ் அக்கம்பக்கத்துக் கிருமிகளின் டிஎன்ஏ துண்டுகளைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும். வாங்கிய ஒரே துண்டு நூற்றுக்கணக்கான வேறுபாடுகளைக் காட்டி, நெருங்கிய உறவைத் தூரமாக்கிவிடும். இத்தனை வேறுபாடுகளுக்குள் இருந்தால் ஒரே திரிபு என்று எல்லாப் பண்ணைக்கும் பொருந்தும் கோடு கிடையாது. அதே பண்ணையின் பழைய கிருமிகளையும், தொடர்பில்லாத பண்ணைகளின் கிருமிகளையும் ஒரே உறவு மரத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். மைனஸ் 80-ல் வைத்த குழாய்கள் இங்கே வெளியே வரும்.

மருந்து எதிர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டெட்ராசைக்ளினை எதிர்க்கும் டெட்ஓ, மேக்ரோலைடுகளை எதிர்க்கும் இஆர்எம்பி ஆகிய மரபணுக்கள் சூயிஸில் பரவலாக இருக்கின்றன, தேடும் மென்பொருள் எளிதில் பிடித்துவிடும். பென்சிலின் அப்படியல்ல. அதன் எதிர்ப்பு வெளியிலிருந்து வந்த மரபணுவால் வருவதில்லை, பென்சிலின் போய் ஒட்டும், கிருமியின் சொந்தப் பிபிபி புரதங்களில் ஏற்படும் மாற்றங்களால் வருகிறது. பட்டியலை மட்டும் தேடும் மென்பொருள் அதைத் தவறவிட்டு 'எதிர்ப்பு இல்லை' என்று எழுதும். ஆகவே மருந்து முடிவுக்குத் தட்டிலோ குழாயிலோ செய்யும் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவுச் சோதனையும் (கிருமி வளராமல் தடுக்க எவ்வளவு மருந்து வேண்டும் என்பது) கட்டாயம் வேண்டும்.

மற்ற கிருமிகளுக்கு

பால் மறந்தபின் வரும் கழிச்சலில் ஈ.கோலை என்றால், கழிச்சல் தொடங்கி ஒரு நாளுக்குள், மருந்துக்கு முன் மலக்குடல் ஸ்வாப் எடுங்கள். எஃப்4, எஃப்18 என்ற ஒட்டும் நார்களின் மரபணுக்களும், எல்டி, எஸ்டிஏ, எஸ்டிபி நஞ்சுகளின் மரபணுக்களும் தேட வேண்டியவை. கண்ணிமை வீங்கித் தள்ளாடும் குட்டி என்றால் எஸ்டிஎக்ஸ்2இ சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்தனிக் காலனியில் தேடுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

நுரையீரலைத் தாக்கும் ஆக்டினோபாசில்லஸ் புளூரோநிமோனியேவுக்கு நுரையீரலே சரியான இடம், கடினமாகிக் கறுத்த பகுதியின் ஓரத்திலிருந்து எடுக்கலாம். ஏபிஎக்ஸ் நஞ்சுகளில் நான்காவதன் மரபணு இனத்தையே உறுதிசெய்யும், முதல் மூன்றில் எவை இருக்கின்றன என்பது வீரியத்தைக் காட்டும். முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்திருக்கும் 1, 5, 9, 11 செரோவார்கள் (செரோடைப்புக்கு இன்னொரு பெயர்) கடுமையானவை.

கிளாசெரெல்லா பாராசூயிஸ் மூக்கில் சாதாரணமாக இருக்கும், ஆகவே இதயம், வயிறு, மூட்டு ஆகியவற்றை மூடும் சவ்விலிருந்து மட்டும் எடுங்கள். ஸ்வாப்பில் சீக்கிரம் செத்துவிடும் கிருமி இது, ஒரு நாள் தாமதமே அதிகம். பரவலாகப் பயன்படும் மல்டிப்ளெக்ஸ் பிசிஆரில் இதன் செரோவார் 5-ஐயும் 12-ஐயும் பிரிக்க முடியாது.

முடிவை வைத்து என்ன செய்வது

பெரும்பாலும் இந்தச் சோதனை, பண்ணையின் சொந்தக் கிருமியைக் கொன்று அதை வைத்துச் செய்யும் தடுப்பூசிக்காகத்தான் வருகிறது. அதற்கு அனுமதி நாட்டுக்கு நாடு வேறுபடும், முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். திரிபைத் தேர்ந்தெடுக்கும்போது, குறைந்தது இரண்டு குட்டிகளின் மூளையிலோ மூட்டிலோ ஒரே எஸ்டி, ஒரே செரோடைப் வந்திருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். ஒரு குட்டியில் மட்டும் வந்ததை வைத்து ஊசி தயாரிக்கச் சொல்லி யார் கேட்டாலும், இன்னும் ஒரு தலை அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். ஊசி போட்டபின் குட்டிகள் மறுபடி விழுந்தால், ஊசியைக் குறை சொல்லும் முன் புது மூளை ஸ்வாப்பை எடுத்து, சேமித்த குழாயோடு ஒப்பிடுங்கள். அதே திரிபு வந்தால் ஊசி போட்ட வயதையும் தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்புப் பொருளையும் யோசிக்க வேண்டும். வேறு திரிபு வந்தால் ஊசியில் சேர்க்கும் கிருமியையே மாற்ற வேண்டும்.